தாய் தெரிவித்தபடி

திங்கள் இரவு இரண்டு மணிக்கு
பிரெனோலன் வாந்தி எடுத்தான்.
முதலில் பீன்ஸ் கறி, பிறகு தண்ணீர்,
பிறகு வெறும் சத்தம்.
மின்வெட்டு நேரம்.
செல்போனை வாயில் கவ்விக்கொண்டு
அந்த வெளிச்சத்தில் ஒரு கையால் வாளியையும்
மறு கையால் அவன் நெற்றியையும் பிடித்திருந்தேன்.
சாட்ஸ்வர்த் முழுக்க உறங்கியது.
நெற்றியின் சூட்டை அறிந்தது
என் உள்ளங்கை மட்டும்.

என் கடிதம் நான்கே வரி.
தேதி போட்டேன், கையெழுத்துக்குக் கீழே
தொலைபேசி எண்ணும் போட்டேன்.
வியாழக்கிழமை அது திரும்பி வந்தது
விதிமுறைத் தாளோடு பின் குத்தி.
பிரிவு ஆறின்மேல் மஞ்சள் கோடு:
தேர்வு வாரத்தில் வராத பிள்ளைக்கு
மருத்துவர் சான்று இல்லையேல் பூஜ்யம்.
பின்னக் கணக்கு. முப்பது மதிப்பெண்.

அலுவலகத்து மிஸஸ் படையாச்சி
கெட்டவர் இல்லை.
"எல்லாத் தாயும்தான் எழுதுறாங்க.
போன மாசம் ஒரே வகுப்புல
பதினோரு பிள்ளைக்குப் பல்வலி.
கடற்கரையில நல்ல வெயில் அன்னிக்கு."
அவர் சொன்னது சரி.
சரியாய் இருப்பதுதான்
தொண்டையில் நிற்கிறது.

வெள்ளி விடியுமுன் கிளினிக் வாசலில்
எங்களுக்கு முன் அறுபத்து மூன்று பேர்.
பிரெனோலன் ஆப்பிள் கடித்தான்,
தரை ஓடுகளைப் பின்னமாக்கி எண்ணினான்,
பதினோரு மணிக்குப் பாட ஆரம்பித்தான்.
சிஸ்டர் லெங்கிவே வெப்பமானியைத் திருப்பிப் பார்த்தார்.
முப்பத்தாறரை.
"இவனுக்கு என்ன?"
"இன்று ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமைதான்."
"செவ்வாய்க்கிழமைக்கு நான் எங்கே குழாய் வைத்துக் கேட்பது?"
இருவரும் சிரித்துவிட்டோம்.
எங்களுக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை
விசிலடிப்பதுபோல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
நாற்காலியிலிருந்து
எழுந்த வேகத்தில் கைப்பை கொட்டியது.
இன்று வந்து போனதற்கு
ஒரு சீட்டு முத்திரையிட்டுத் தந்தார் சிஸ்டர்.
ஆக, என் பிள்ளை நன்றாயிருந்த நாளுக்கு
அத்தாட்சி இருக்கிறது.

டாக்டர் மூட்லி, மீன்கடைக்கு மேல்மாடி.
ரொக்கம் மட்டும். நானூற்று இருபது ராண்ட்.
மோபெனியில் பள்ளிச் சட்டைக்குக்
காலர் தைக்கிறவள் நான்;
எத்தனை காலர் என்று
மனம் கேட்காமலே எண்ணத் தொடங்கியது.
டாக்டர் அவனைத் தொடவில்லை.
எத்தனை முறை எடுத்தான்? சூடு இருந்ததா?
சொன்னேன்.
சொல்லச் சொல்ல எழுதினார்.
உறையை ஒட்டினார்.

மாடிப்படியிலேயே பிரித்தேன்.
மேலே அவர் பட்டங்கள், பதிவு எண்.
கீழே நீல முத்திரை.
நடுவில்:
"தாய் தெரிவித்தபடி, மேற்படி மாணவன்
செவ்வாய்க்கிழமை நோயுற்றிருந்தான்."

தாய் தெரிவித்தபடி.

மீன்காரர் படியைக் கழுவிவிட்டார்,
செருப்பு நனைந்தது.
என் நாலு வரிதான் இது.
பஸ் ஏறிப் போய், மாடி ஏறி,
காசு கட்டி, முத்திரை குத்திக்கொண்டு
என் சொல்லே இறங்கி வந்திருக்கிறது
என்னை அடையாளம் தெரியாத மாதிரி.

மிஸஸ் படையாச்சி படித்தார்,
கோப்பில் துளையிட்டுச் செருகினார்.
"இதுதாம்மா வேணும். இவ்வளவுதான்."
நன்றி என்றேன். வேறென்ன சொல்ல.

இன்று திங்கள்.
வெள்ளிக்கிழமை ஏன் வரவில்லை என்று
சூப்பர்வைசர் கை நீட்டுகிறார்.
சீட்டில் பிரெனோலன் பெயர்தான் இருக்கிறது,
என் பெயர் இல்லை.
பையைத் துழாவுகிறேன்.
செல்போன் உறையின் ஓரத்தில்
அந்த இரவின் பல் தடம் இரண்டு
அழுந்தி அப்படியே கிடக்கிறது.
எடுத்துக் காட்டலாமா என்று
ஒரு நொடி யோசிக்கிறேன்.