ஆண்டுக்கு ஒரு 'வேண்டாம்'

போர்த்தோவில், பொன்ஃபிம் மேட்டில்
டயர் கடைக்கு மேலே என் வீடு.
மாதத்தின் இரண்டாம் வியாழன்
நால்வர் படியேறி வருவார்கள்,
குடைகளைக் குளியல் தொட்டியில் போட்டுவிட்டு
உட்காருவார்கள்.

ஆளுக்குப் பத்து யூரோ பிஸ்கட் டப்பாவில்.
சீட்டில் யார் பெயர் வருகிறதோ
அவர் அந்தப் பணத்தில் ஓர் இசைத்தட்டு வாங்க வேண்டும்.
தட்டு ஐவருக்கும் சொந்தம்.

விதிகளை வாஸ்கு எழுதினான்,
மருந்துச் சீட்டின் பின்புறத்தில்:
இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்.
முள் இறங்கியபின் பேச்சு கிடையாது.
ஆளுக்கு ஆண்டில் ஒரு 'வேண்டாம்'.
காரணம் கேட்கக் கூடாது.

அபீலியுவின் வேண்டாம் ஜனவரியிலேயே செலவாகிவிடும்.
அட்டையில் அக்கார்டியனைக் கண்டாலே போதும்.
ஜசிந்தா தன்னுடையதை அவனுக்குக் கடன் கொடுக்கப் பார்த்தாள்;
விதியில் இடமில்லை என்றோம்.
நான் டிசம்பர்வரை பொத்தி வைத்திருந்து
புத்தாண்டில் காலாவதியாக விடுகிற ரகம்.
இல்டா மட்டும்
ஏழு வருடத்தில் ஒருமுறையும் சொன்னதில்லை.
வெறும் தவளைச் சத்தம் பதிந்த தட்டை
நான் வாங்கிவந்தபோதும்
முழுக்கக் கேட்டுவிட்டு,
"இரண்டாம் பக்கத்துத் தவளைகளுக்குச் சளி" என்றாள்.

தேர்ந்தெடுப்பது லேசல்ல.
சனிக்கிழமைச் சந்தையில்
பெட்டி பெட்டியாய்ப் புரட்டி விரல் நுனி கறுக்கும்.
எனக்குப் பிடித்ததென்று எடுத்தால் திமிர்.
அவர்களுக்குப் பிடிக்குமென்று எடுத்தால் பயம்.
இரண்டுக்கும் நடுவில் ஐம்பது யூரோ.

அந்த மார்ச்சில் வாஸ்கு கொண்டுவந்தது
ஏதோ ஓட்டல் நடனக் குழுவின் தட்டு.
உறையில் நீச்சல் குளத்தோரம் ஏழு ஆண்கள்,
எல்லாருக்கும் மஞ்சள் சட்டை.
ட்ரம்பெட்காரன் மட்டும்
காமிராவைப் பார்க்கவில்லை.
விளிம்பைப் பிடித்து ஊதினான் வாஸ்கு.
இல்டாவின் கை வந்து விழுந்தது,
தட்டின்மேல் அல்ல, அவன் மணிக்கட்டில்.

"வேண்டாம்."

கீழே யாரோ டயர் ஒன்றை உருட்டிப் போனார்கள்.
அபீலியுவுக்குக் கேள்வி தொண்டைவரை வந்தது;
ஓர் ஆலிவ் காயால் அடைத்துக்கொண்டான்.
தட்டு என் அலமாரியிலேயே தங்கியது,
சுவரைப் பார்த்துத் திரும்பி.

அதன்பின் வந்த மாதங்களில்
சொல்லிவைக்காமலே எங்கள் தேர்வுகள் வளைந்துபோயின.
ட்ரம்பெட் என்றால் திருப்பி வைத்தோம்.
மஞ்சள் அட்டையைத் தாண்டி விரல் தானாய் நகர்ந்தது.
கடல், ஓட்டல், எழுபத்தொன்பதாம் வருடம்:
எதுவென்று தெரியாததால்
எல்லாவற்றையும் தவிர்த்தோம்.
ஜூனில் பியானோ. ஜூலையில் பியானோ.
ஆகஸ்டில் ஜசிந்தா வாங்கியது தேவாலய ஆர்கன்;
வாஸ்கு தூங்கிவிட்டான்,
பேசக் கூடாதென்பதால் எழுப்பவும் முடியவில்லை.

செப்டம்பரில் ஒருநாள் தனியே இருக்கையில்
அந்த உறையை வெளியே இழுத்தேன்.
பார்க்காதவனின் மூக்கை, கட்டைவிரலை,
மோதிரம் கீதிரம் உண்டா என்று...
வெட்கமாய் இருந்தது. சொருகிவிட்டேன்.
கேட்கக் கூடாதென்றால்
தேடவும் கூடாதுதானே.

டிசம்பர்ச் சீட்டில் இல்டா.
மழையில் வெறுங்கையோடு வந்தாள்.
நேரே அலமாரிக்குப் போய்
முதுகு காட்டி நின்றதை உருவினாள்.
"டப்பாப் பணம் அப்படியே இருக்கட்டும்.
இது ஏற்கெனவே நம்முடையது."

அறையில் மூன்று வேண்டாம்கள் மிச்சமிருந்தன.
யாரும் அசையவில்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், மட்டமான இசை.
ட்ரம்பெட் அரை விநாடி முந்தி ஓடும்.
மூன்றாம் பாட்டில் பாடுகிறவன்
மூச்சு வாங்கி ஒரு வரியையே விழுங்கிவிடுவான்.
இல்டா கண்ணை மூடவில்லை. அழவில்லை.
முழங்காலில் அவள் விரல் தாளம் போட்டது.
ட்ரம்பெட் பிசகுகிற இடங்களிலெல்லாம்
விரலும் பிசகியது,
அதே அரை விநாடி.

நான் எழுந்து பக்கம் திருப்பினேன்.

பிறகு அவள் தட்டைக் கோட்டுக்குள் செருகி
கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டாள்.
"ஒரு மாதம் என்னிடம் இருக்கட்டும்.
ஜனவரிச் சீட்டைக் குலுக்குங்கள்."

படியிறங்கும் சத்தம்.
என் பக்கத்தில் அபீலியு, மிக மெதுவாய்,
"ட்ரம்பெட் மோசம்" என்றான்.

"மோசம்தான்" என்றது
கீழிருந்து குரல்.