இருபத்தொன்றாவது வளையம்

டுலூத்தில் ஜூலையிலும் ஏரிக்காற்று குளிரும்.
கல்வியியல் துறை, மூன்றாம் மாடி, எட்டு மேசை.
பயிற்சி மாணவன் எனக்குச் சொன்ன ஒரே விதி:
பிள்ளைகள் கட்டுவதைத் தொடாதே.
கைகளை பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

பா நியாவுக்குப் பத்து வயது.
காகித ஸ்ட்ரா, ஒட்டுநாடா,
தாண்டவேண்டியது ஒன்றரை அடி.
முக்கோணம் என்ற சொல்
நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

சதுரம் சதுரமாகவே கட்டினாள்.
தொங்கும் கோப்பையில் இரும்பு வளையங்கள்:
பத்தொன்பது, இருபது,
இருபத்தொன்றில் பாலம்
பஸ்ஸில் தூங்கிவிழுகிறவர் மாதிரி
பக்கத்து மேசைமேல் சாய்ந்தது.

ஹார்லன் கைதட்டிச் சிரித்தான்.
இவள் அழவில்லை.
"இன்னொரு தடவை உடைக்கணும்.
எது முதல்ல மடங்குச்சுன்னு பாக்கல."

அதே சதுரம், வேண்டுமென்றே.
தரையில் கன்னம் வைத்துப் படுத்தாள்.
நானும் படுத்தேன்.
பதினெட்டில்
இடது மூலை ஒன்று
சத்தமில்லாமல் முழங்கால் மடக்கியது.

நாலு மணிக்கு வந்த அம்மாவிடம்
அந்தக் கசங்கிய மூலையை மட்டும் காட்டினாள்.

கீழே தாதுக்கப்பல் ஊதியது.
தூக்குப்பாலம் மெல்ல எழுந்தது.
"அதுல எது முதல்ல மடங்கும்?"

தெரியாது என்றேன்.
பாக்கெட்டுக்குள் என் விரல்கள்
எப்போதோ ஒரு ஸ்ட்ராவை
முக்கோணமாக மடித்து முடித்திருந்தன.