சீப்பு

ஏப்ரலில் இரண்டே வாரம்.
மொட்டு விரிந்துவிட்டால் போச்சு,
பிறகு அது தேனீக்களின் சாப்பாடு.

அதனால் பள்ளிப் பேருந்தை எடுக்குமுன்
விடியாத நாலரைக்கே
என் கொழுந்தன் க்ளீட்டஸ் ஹாரன் அடிக்கிறான்.
சமையலறை இடுக்கி, இரண்டு பெயிண்ட் வாளி,
பின்பையில் ஒரு சீப்பு.
தலை வாராதவள்கூட
இந்தக் கள்ளிக்காட்டுக்குச் சீப்பில்லாமல் வரமாட்டாள்.

ஒவ்வொரு முள்ளுக்கும் காகிதம்போல் ஓர் உறை,
உறைக்குள் கொஞ்சம் நிலா.
பஞ்சென்று நம்பித் தொட்டவர் உண்டு.

மொட்டைப் பிடித்து ஒரு திருகு.
டப்.
நூறு டப்புக்குப் பிறகுதான் வாளியின் அடி மறையும்.
ஒரு செடியை மொட்டையடிக்காதே என்று
எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.
மொட்டையடிக்க
எவருக்குக் கை இருக்கிறது?

வெள்ளை வண்டி வந்து நின்றது.
எல்லைக் காவலர், புதுசு.
சட்டையில் பெயர்: ஹால்வர்சன்.
என்ன பறிக்கிறீர்கள் என்றார்.
சியோலிம் என்றேன்.
சாப்பிடவா?
சிரித்தபடி ஓரடி பின்வாங்கினார்,
அவ்வளவுதான்,
குழந்தையின் முஷ்டியளவு துண்டு
கெண்டைக்காலில் ஏறிக்கொண்டது.
கையால் தட்டினார்.
இப்போது கையிலும்.

அடையாள அட்டை கேட்க வந்த கை.
நீட்டுங்கள் என்றேன்.
சீப்பின் பல்லை அடியில் கொடுத்து
ஒரே சுண்டு.

இப்படித்தான் அது ஊர்விட்டு ஊர் போகும்,
நாயின் காலில், மாட்டின் வாலில்,
அந்தப் பக்கம்
என் நாத்தனார் வீட்டுக் கொல்லைவரை.
விழுந்த இடம் வேர்.
வேலியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.
அவரும் அட்டையைக் கேட்கவில்லை.
காலுக்கும் கைக்கும் நன்றி சொன்னார், தனித்தனியாக.

சரளையில் புரட்டி முள் உதிர்த்து
குழிக்குள் சுட்ட கல், உவர்க்கீரை, மொட்டு,
மறுபடி உவர்க்கீரை, மேலே மண்.
மறுநாள் தோண்டி எடுத்துத்
தகரத்தில் காயப்போட்டால்
இரண்டு வாளியும்
ஒரு காபி டப்பாவுக்குள் போய்விடும்.
அவ்வளவுதானா?
க்ளீட்டஸ் வருடாவருடம் கேட்பான்.

டிசம்பரில் ஒரு ராத்திரி ஊறவைத்தேன்.
சாம்பல் நிறக் கல்லெல்லாம்
ஏப்ரலை ஞாபகம் வைத்திருந்தன.
பாலைவன அவரையோடு வேகவிட்டு,
உப்பு, ஒரு காய்ந்த மிளகாய்.
கொஞ்சம் புளிக்கும், கொஞ்சம் வழுக்கும்,
கடைசியில் புகை.

மூன்றாவது கரண்டியில் க்ளீட்டஸ் நிறுத்தினான்.
நாக்கிலிருந்து எதையோ எடுத்து
விளக்கில் பார்த்தான்.
தப்பி வந்த ஒரு மஞ்சள் முள்.
தட்டின் விளிம்பில் வைத்து
ஹால்வர்சன் என்றான்.

புரையேறும்வரை சிரித்தோம்.
அப்புறம் இன்னொரு கரண்டி கேட்டான்.