சாவி தொங்கும் ஆணி

ஆறாம் கதவு எரிந்தது செவ்வாய்க்கிழமை விடிகாலை.
சார்ஜில் போட்ட ஸ்கூட்டர் பேட்டரி,
செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில்,
வாசலை அடைத்துக்கொண்டு.
லைன் வீட்டுக்கு வாசல் ஒன்றுதான்.
பின்பக்கத்துச் சிமெண்ட் ஷீட்டை உடைத்து
ரிஸ்வானாவையும் பையனையும்
மேலே இழுத்தார்கள், ஈரச் சாக்கைப் போல.

மறுநாள் அவள் கேட்டது ஒன்றுதான்:
"ஜன்னலுக்கு ஏன்க்கா கம்பி வெச்சோம்?"
திருடனுக்கு, என்றேன்.
திருட என்ன இருந்தது என்று
இருவருமே யோசித்தோம்.

அன்றிலிருந்து என் வீட்டை
நெருப்பின் கண்ணால் பார்க்கிறேன்.
ஒரே பிளக்கில் மூன்று தலை.
சூடு ஏறி ஏறி அதன் பிளாஸ்டிக்
கருப்பட்டி நிறத்துக்குப் பழுத்திருக்கிறது.
கேஸ் ட்யூபில் அச்சடித்த வருஷம்
லோகித் பிறந்த வருஷத்துக்கு அடுத்தது;
அவன் இப்போது நாலாம் வகுப்பு.
சாமி விளக்குக்கு நேர் மேலே பாலியெஸ்டர் திரை.
காற்றடித்தால் அது
குனிந்து குனிந்து சுடரைக் கும்பிடுகிறது.

எலக்ட்ரீஷியன் கேட்டது ஆயிரத்து எண்ணூறு.
ஓவர்டைம் வரட்டும் என்றார் முனிரத்தினம்.
நெருப்புக்கு எந்த ஷிப்ட், என்றேன்.
பதில் இல்லை.
ஆனால் எங்கள் ஸ்கூட்டர் அன்றே வெளியே போனது.
எல்லோரும் தூங்கும்போது
எதுவும் சார்ஜ் ஆகாது என்று
தானாகவே ஒரு சட்டம் வந்தது.

ட்யூப் மாற்றியாயிற்று. திரை கழற்றியாயிற்று.
முகவரிதான் தகராறு.
நூற்றிப் பன்னிரண்டு பிரணிதாவுக்கு மனப்பாடம்,
எங்கள் கதவுக்கோ எண் கிடையாது.
போதாததற்கு இங்கே செல்போன்
சமயத்தில் எல்லை தாண்டி
கர்நாடகா டவரைப் பிடித்துக்கொள்ளும்.
எனவே முதல் சொல்: ஓசூர், தமிழ்நாடு.
பிறகு ஜூஜூவாடி, திம்மராயப்பா லைன்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, நாலாம் கதவு.
தோழியிடம் கேட்டு வந்து
அதைக் கன்னடத்திலும் சொல்லிப் பார்த்தாள்.
நான் சொல்லித் தராதது அது.

ஞாயிறு இரவு, இவர் நைட் ஷிப்டில்.
பிள்ளைகள் அசந்த பிறகு
மெயின் ஸ்விட்சை அணைத்தேன்.
"தீ" என்று கத்தவில்லை,
ஐந்தாம் கதவுக்கு இன்னும் தூக்கம் திரும்பவில்லை.
காதோரம் சொன்னேன்:
புகை மேலே நிற்கும், மூச்சு தரையில் கிடக்கும்,
பல்லி மாதிரி வாங்க.

பிரணிதா மாவுக் குண்டானில் கையை விட்டாள்.
லோகித் பள்ளிப் பைக்காகத் திரும்பி,
பாதியில் ஞாபகம் வந்து, விட்டுவிட்டு ஓடினான்.
தொட்டியடியில் நின்று
தலைகளை எண்ணினார்கள்.
ஒரு தலை குறைந்தது.

நான் அலமாரிக்குள் இருந்தேன்.
பிஸ்கட் டின்னைத் துழாவிக்கொண்டு.
உள்ளே ரேஷன் கார்டு, பாஸ்புக்,
தாலிக்கொடியின் அடகுச் சீட்டு.
"அம்மா செத்துப் போயிட்ட"
என்றான் லோகித் வெளியிலிருந்து,
விளையாட்டில் அவுட் சொல்கிற குரலில்.

யாரும் சிரிக்கவில்லை.
சீட்டுகளை ரிஸ்வானாவின் தம்பி
போனில் படம் பிடித்துத் தந்தான்.
டின் இப்போது வெறும் டின்.

இரண்டாம் முறை நான் முதலில் நின்றேன்.
அப்போதுதான் கேட்டது:
நானும் பிரணிதாவும் இல்லாத நேரம் என்றால்?
இருட்டில் கம்பிக் கதவின் சாவிக்காக
லோகித்தின் விரல்கள்
சுவரை மேலே மேலே சுரண்டுகின்றன.
ஆணி என் உயரத்துக்கு அடித்தது.

தேங்காய் உடைக்கிற கல்லால்
ஒன்றரை அடி கீழே வேறு ஆணி அடித்தேன்.
சுண்ணாம்பு உதிர்ந்த பழைய ஓட்டை
அங்கேயே இருக்கட்டும்.

காலை ஆறரைக்கு முனிரத்தினம் வந்தார்.
கிரீஸ் வாசனையோடு உள்ளே நுழைந்து
கதவைப் பூட்டி,
பாதித் தூக்கத்தில் கையை உயர்த்தினார்.
சாவி சுவரில் தட்டித் தட்டி
தொங்க இடம் தேடியது.
கண்ணைத் திறந்து பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஆறடி மனுஷன், முழங்காலை மடக்கி,
மகனின் உயரத்துக்கு இறங்கி
மாட்டிவிட்டுப் படுத்தார்.