மூணாறு தலைப்பு

ஏழாவது தாள் இது.
முந்தைய ஆறிலும் அடிவானம்
இரண்டாய் மடித்த வேட்டிபோல
நட்ட நடுவில் விழுந்திருக்கிறது.
மேலே பாதி வானம், கீழே பாதி தண்ணீர்.
எந்த அண்ணன் தம்பிக்கும்
பாகப்பிரிவினையில் வராத சமாதானம்.

தப்பு என்னுடையது மட்டுமில்லை.
மலை இல்லாத சீமை.
நீடாமங்கலம் தாண்டிக் கடல்வரைக்கும்
கண் ஏறிப் பார்க்கக் கிடைப்பது
கோயில் கோபுரம், செல்போன் கோபுரம்,
கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைக் குவியலும்
அதன்மேல் நீலத் தார்ப்பாயும்.

வாரமெல்லாம் சங்கத்தில்
யூரியாவுக்கு ரசீது எழுதுகிறேன்.
ஞாயிறென்றால் இங்கே, மூணாறு தலைப்பில்.
ஒன்றாக வருகிற வெண்ணாறு
கோரையாறு, பாமணியாறு, தான் என்று
மூன்றாகிப் போகிற இடம்.
நானும் தாளை மூன்றாக்கினேன்.
ஆளுக்கு ஒரு பங்கு, அரிசி அளந்த மாதிரி.
பார்க்கிற கண் வரிசையில் நின்று
வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு
வெளியே போய்விட்டது.

லஸ்கர் மதியழகன் கிரீஸ் கையோடு எட்டிப் பார்த்தார்.
அவருக்குத் தெரிய வேண்டியது
படத்தில் அவர் எங்கே என்பது.
ஆனாலும் சொன்னார்:
"இப்படிச் சரிசமமா விட்டா எனக்கு சஸ்பெண்டுதான்.
இன்னிக்குக் கோரையாத்து முறை.
மத்த ரெண்டும் கசிஞ்சாப் போதும்."

கசிந்தால் போதும்.
தாளைச் செங்குத்தாகத் திருப்பினேன்.
வானத்தை ஒரு விரற்கடை அகலத்துக்கு
மேலே தள்ளி ஒடுக்கினேன்.
கோரையாற்றுக்கு இடப்பக்கம் முழுவதும்,
மேட்டூர்த் தண்ணீரின் கலங்கல் நிறத்தில்.
மற்ற இரண்டுக்கும் ஒரு இழுப்பு, இன்னொரு பாதி இழுப்பு.
சேலைக்கும் தலைப்பு என்றுதானே சொல்கிறோம்,
ஐந்தரை கெஜம் சும்மா ஓடிவிட்டு
ஜரிகையெல்லாம் ஒரு முனையில் வந்து கனப்பதை.

கொக்கைத்தான் விட மனமில்லை.
நீர்வண்ணத்தில் கொக்கை யாரும் வரைவதில்லை,
பூசாமல் விட்ட காகிதம் அது.
மூன்று வாரமாக
அதைச் சுற்றிச் சுற்றியே பூசியிருந்தேன்.
அழகாக இருந்தது.
அழகாக இருந்ததால் கண் அதைவிட்டு நகரவில்லை.
தூரிகையை நனைத்து
கொக்கின்மேல் ஆற்றை விட்டேன்.

பிறகு நூர்ஜஹான் மகளின் நிக்காஹ் பத்திரிகை.
நல்ல தடி அட்டை, பச்சை, ஓரமெல்லாம் பொன்.
அதை இரண்டு மூலைகளாக வெட்டி வைத்திருக்கிறேன்.
படத்தின்மேல் வைத்து, விரித்து, சுருக்கி
எங்கே படம் முடிகிறது என்று தேடினேன்.
கூத்தாநல்லூர் மாப்பிள்ளை பெயருக்கும்
வலிமா விருந்து நேரத்துக்கும் நடுவே
தண்ணீர் ஓடியது.

மதியழகன் நடுவில் நின்றார்,
ஊன்றிவைத்த மைல்கல்லாக.
நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம். இன்னும்.
கடைசியில் வலது ஓரத்தில் ஒரு தோள்,
காக்கிக் கால்சட்டையில் ஒரு கால்,
ஷட்டர் சக்கரத்தைப் பிடித்த கை.

"பாதி ஆளா?" என்றார்.

கண் தண்ணீரோடு நுழையும், கையில் வந்து முட்டும்,
அப்புறம் வானத்துக்குத் திரும்பும் என்று
நான் வாயெடுக்குமுன் அவரே,
"சரிதான். ஷட்டரைத் தூக்கறப்ப
ஓரமாத்தான் நிப்பேன்" என்றார்.
பிறகு கீழ் மூலையைக் காட்டி,
"இந்தச் சிவப்பு என்ன?"

"வாளி."

"அங்க வாளி ஒண்ணும் இல்லையே."

"இல்லைதான்.
அந்த மூலைக்கு ஏதாவது ஒன்று தேவைப்பட்டது."

என்னையும் மதகையும் மாறி மாறிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் எண்ணெய் போடப் போனார்.

அடுத்த ஞாயிறு வந்தபோது
மதகின் கைப்பிடிச் சுவரோரம்
புது பிளாஸ்டிக் வாளி, சிவப்பு,
விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல்.

கொஞ்சம் நடுவில் இருந்தது.
அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து
காலால் மூலைக்கு நகர்த்தினேன்.