பதினொன்றாம் கொடையாளர்

மூடியைத் திறந்தால் வெண்புகை முகத்தில் அறையும்.
திரவ நைட்ரஜனுக்குள்
பதினொரு பேர் இருக்கிறார்கள், பெயரில்லாமல்.
ஆண், 24, நெடுந்தூர ஓட்டக்காரர்.
பெண், 58.
ஆண், 61, புகைப்பவர்.
இடுப்பெலும்பிலிருந்து ஒரு சிரிஞ்சு மஜ்ஜை,
மூன்று இடத்தில் கையெழுத்து,
போக்குவரத்துச் செலவுக்கு ஐம்பது வெள்ளி.

முல்லைக்குத் தேர் கொடுத்த கதையில்
கொடி அதில் படர்ந்ததா என்று
எந்தப் புலவரும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

நாங்கள் பார்க்கிறோம்.
அதற்குத்தான் சம்பளம்.
கிண்ணத்தில் ஒரு சொட்டு ஜெல்,
மேலே செல்கள், ஆறு மணி நேரம்.
கொடி நீண்டதா, கொடியைக் கொடி தொட்டதா,
எத்தனை கிளை, எத்தனை முடிச்சு.

ஓட்டக்காரரின் செல்கள்
இரண்டு நிலையம் கட்டிவிட்டு
ஒப்பந்தக்காரர் ஓடிப்போன பாதை மாதிரி கிடந்தன.
புகைப்பவருடையவை
இரவோடு இரவாக
முழுத்தீவுக்கும் ரயில் வரைபடம் போட்டிருந்தன,
சந்திப்பு நிலையங்களோடு.

ஹுய் ஷான் சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.
வயதை வைத்து வரிசைப்படுத்தினோம்; ஒத்துவரவில்லை.
ஆண் பெண் பிரித்தோம்.
ஜெல் வந்த தொகுதி எண்ணைச் சந்தேகித்தோம்,
குளிரூட்டியை, செவ்வாய்க்கிழமையை,
ஒருவர் கையை இன்னொருவர்.
என் மொழியில் இதற்குக் கைராசி என்று பெயர்.
அறிக்கையில் அதற்குக் கட்டம் கிடையாது.

புவன விஸ்தாவிலிருந்து
இரண்டு நிலையம் தள்ளி மருத்துவமனை.
அங்கே ஒரு டாக்சி ஓட்டுநர்
பிரேக் மிதித்த காலை நீட்டிப் படுத்திருக்கிறார்.
சுண்டுவிரல் கறுத்துவிட்டது.
அடுத்த விரல் யோசிக்கிறது.
ரத்தம் போக வழியில்லாத அந்தக் காலுக்கு
ஒருநாள் எங்கள் குப்பி ஒன்று போகலாம்.
எவருடையது என்று அவருக்குத் தெரியாது.
ஒன்றும் படராவிட்டால்
தன் கால்தான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

பதினொன்று: பெண், 43.
இதற்கும் பெயரில்லை.
ஆனால் எடுத்த தேதி இருக்கிறது.
அந்த வாரம் முழுக்க
நான் ஒருக்களித்துத்தான் படுத்தேன்.

ஆறு மணி நேரம் கழித்து
நுண்ணோக்கியில் குனிந்தேன்.
ஒரே மின்தூக்கியில் பதினாறு மாடி ஏறியும்
கைப்பேசியிலிருந்து தலை தூக்காத
அண்டை வீட்டுக்காரர்கள்.
அப்படி நின்றன.
உருண்டையாக, ஆரோக்கியமாக,
ஒன்றை ஒன்று தொடாமல்.

இரண்டாம் முறை செய்தேன்.
மூன்றாம் முறை ஹுய் ஷானைச் செய்யச் சொன்னேன்,
காரணம் சொல்லாமல்.
கிளை நான்கு. முடிச்சு பூஜ்யம்.
"இவங்களப் பாரு, ரொம்ப மோசம்" என்றாள்.
ஆமாம் என்றேன்.

சோம்பேறிகள் என்று திட்ட வந்தது.
என் எலும்புக்குள் நாற்பத்து மூன்று வருடம்
வாடகையில்லாமல் இருந்துவிட்டு
ஒரு பொது இடத்தில் இப்படியா?
பிறகு யோசித்தால்,
எந்தத் திருமண வீட்டிலும்
கடைசி வரிசை நாற்காலி தேடுபவள் நான்.
செல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
இருந்தாலும் யோசித்தேன்.

கடைசிக் கட்டத்தில்
சேர்க்க, விலக்க என்று இரண்டே தேர்வு.
விலக்க என்பதை அழுத்தினேன்.
கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ள
படிவம் இல்லை.
புகைக்குள் இறக்கி மூடினேன்.

பேருந்து நிறுத்தத்தில் மழை விட்டிருந்தது.
கால்வாயில் தண்ணீர் வேகமாகப் போனது.
போன வாரம் கண்ணாடிச் சில்லு வெட்டிய
கட்டைவிரலின் பிளாஸ்திரி நனைந்து தொங்க,
பிய்த்தேன்.
கீழே புதுத்தோல், இளஞ்சிவப்பு.
அழுத்தினால் வெளுத்தது.
விட்டதும் சிவந்தது.
மறுபடி அழுத்தினேன்.
மறுபடி சிவந்தது.
கணக்கெடுக்க யாருமில்லாத இடத்தில்
எப்போது நடந்தது இது?

74 வந்தது.
ஈரக் கையோடு அட்டையைத் தட்டினேன்.
முதல் முறை எடுக்கவில்லை.