மெய்ப்பு

ஏற்றுக்கொண்டோம் என்று சித்திரையில் எழுதினார்கள்.
ஆடியில் மெய்ப்பு வந்தது:
பதினொரு பக்கம், இருபத்தாறு கேள்வி,
நாற்பத்தெட்டு மணி நேரம்.

செக்காலை ரோட்டில் மாடிக் கிளினிக்.
கடைசி ஆளும் சொட்டுமருந்து வாங்கிப் போயாகிவிட்டது.
மோவாய் வைக்கும் தாள் ஒன்று
கருவியின் மேல் மடங்கிக் கிடக்கிறது.

முதல் கேள்வி என் பெயர்.
பழ. உமையாள்.
இதில் குடும்பப் பெயர் எது, விரித்து எழுதவும்.
காரைக்குடியில் எவரும் கேட்காத கேள்வி.
இங்கே விலாசம் சொன்னால் போதும்,
எந்தக் கோவில், எந்த வீடு, யாருக்கு யார் பங்காளி,
மிச்சத்தை அவர்களே விரித்துக்கொள்வார்கள்.
விரித்தேன். இனி உலகம் என்னைப்
பழனியப்பன் மற்றும் பலர் என்று மேற்கோள் காட்டும்.
அப்பா, ஊசியைப் பார்த்தாலே
மயங்கி விழுகிற ஆள் நீங்கள்.
கருவிழிப் பூஞ்சை பற்றி நீங்கள் எழுதியதை
முகம் தெரியாத இரண்டு நிபுணர்கள்
பாராட்டியிருக்கிறார்கள்.

புதுவயல் என்பது மருத்துவமனையா, ஆலையா?
ஊர்.
கண்டனூர் தாண்டும்போதே
உமிப்புகை எதிரே வந்து கூட்டிப்போகும்.
நெல் அவிக்கிற ஊர்.
சுணை ஒன்று பறந்து
கண்ணில் ஏறுவதற்கு
வேலைநேரம் பார்க்காத ஊர்.

ஒன்பதாம் கேள்வி:
"தாய்ப்பால்" என்பது எழுத்துப்பிழை இல்லையே?
இல்லை.
உறுத்தும் கண்ணில் முதலில் விடுவது அதுதான்;
பிறகு நந்தியாவட்டைச் சாறு,
பிறகு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஏதோ சொட்டு,
எல்லாம் முடிந்து பன்னிரண்டாம் நாள் நான்.
நந்தியாவட்டையின் லத்தீன் பெயரைச்
சாய்வெழுத்தில் கேட்டார்கள்.
சாய்த்தேன்.

முரண்படும் நலன்கள் ஏதுமில்லை என்று
முன்பே கையெழுத்திட்டிருக்கிறேன்.
மத்தியானம் தின்ற சோறு
அந்த ஆலைகளில் ஒன்றின் அரிசி.
அதை எழுதக் கட்டம் இல்லை.

அட்டவணை இரண்டு.
ஆறியவை இருபத்தொன்பது,
ஒட்டுச் சிகிச்சைக்கு அனுப்பியவை ஏழு,
எடுத்துவிட்ட கண்கள் ஐந்து.
கூட்டினால் நாற்பத்தொன்று,
தலைப்பில் நாற்பத்திரண்டு. சரிபார்க்கவும்.

இருபத்தாறில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது
இது ஒன்றுதான்.

பதிவேட்டைப் புரட்டினேன்.
இருபத்துமூன்றாம் நோயாளி.
வலது கண், ஆறு மில்லிமீட்டர் புண்.
இரண்டு முறை வந்தாள். கைநாட்டு.
அவள் பெயரை இங்கும் எழுதப்போவதில்லை:
படத்துக்கும் கட்டுரைக்கும்தான் ஒப்புதல் வாங்கினேன்,
கவிதைக்கு வாங்கவில்லை.

போன் நம்பர் இருந்தது. அடித்தேன்.
அவள் குரலுக்கு முன்னால் எந்திரத்தின் குரல்.
"கண்ணாஸ்பத்திரியா? வரணும்னுதான் இருந்தேன் தாயி.
வந்தா ரெண்டு நாள் கூலி போயிருது.
வலி நின்னுபோச்சு.
வெளிச்சமும் நின்னுபோச்சு.
இன்னொண்ணு நல்லாத்தான் இருக்கு."
யாரோ அதட்ட, வைத்துவிட்டாள்.

நாற்பத்திரண்டு. கணக்குக் கூடிவிட்டது.
பார்வை இழந்தவர் ஒன்று என
அட்டவணையில் புது வரி தொடங்கினேன்.
பக்கத்தின் அடியில் பொடி எழுத்து:
ஆய்வுக்காலத்துக்குப் பிந்திய தகவலையும்
பொருள் மாற்றும் திருத்தத்தையும்
இந்தக் கட்டத்தில் ஏற்க இயலாது.
நியாயம்தான். நான் நடுவராக இருந்தாலும்
இதையே சொல்வேன்.
அழித்துவிட்டு எழுதினேன்:
தொடர்கண்காணிப்பில் விடுபட்டவர் ஒன்று.

யார் யாரிடமிருந்து விடுபட்டது என்று
அவர்கள் கேட்கவில்லை.

கடைசியில் மூன்றாம் படம்.
அடர்த்தி போதாதென்று மூலக்கோப்பைக் கேட்டிருந்தார்கள்.
திறந்தேன். திரை நிறைய அவள் கண்,
கருவிழியில் சுண்ணாம்புத் துளி போல வெண்மை,
ஓரத்தில் என் விளக்கின் கீற்று.
படம் எடுத்த அன்று இந்தக் கண்ணுக்கு
இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்தது.
தெரிந்தது நான்.

அம்புக்குறி சரியான இடத்தைக் காட்டுகிறதா,
உறுதிசெய்யவும்.

ஆம் என்று போட்டேன்.
மணி பதினொன்று ஐம்பது.
கீழே கடை ஷட்டரை யாரோ
இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.